அம்மா பேர்ல இருக்குற வீடு அம்மா பேர்லயே இருக்கட்டும்



பதிவு கொஞ்சம் நீளமா இருக்கும். நேரம் இல்லாதவங்க முந்தின பதிவுல அன்னதானப் படங்கள் இருக்கு, பார்த்துட்டுப் போகலாம். படிக்கிறவங்க தயவு செஞ்சு முழுசா படிங்க. பாதியில நிறுத்திட்டு எங்களைத் திட்ட வராதீங்க. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க, ஏத்துக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பூஜை முடிஞ்சு அன்னதானக் கூடத்தில் அண்டா கழுவிக்கிட்டிருந்தோம். ஐயர் நடை சாத்தப் போறார். வாரா வாரம் வர்ற ஒரு பாட்டி மட்டும் தூணில் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காங்க. வயசு எண்பதை நெருங்குது. பக்கத்துல பிளாஸ்டிக் பையில நாங்க தபாவ் பண்ணிக் கொடுத்த சாதம். மணி ஒன்பதே கால். "பாட்டி, வீட்டுக்குப் போகலையா? கொண்டு போய் விடவா?"ன்னு கேட்டோம்.

"வேணாம்யா. வீடு பூட்டியிருக்கும். மவனும் மருமவளும் வர பத்து மணிக்கு மேல ஆவும். எங்கிட்ட சாவி இல்ல."

ஏன் பாட்டி சாவி இல்லன்னு கேட்டோம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "அது இப்ப அவங்க வூடுய்யா."

அந்த வீட்டோட கதை எங்களுக்குத் தெரியும். பாட்டியும் தாத்தாவும் பால் மரம் வெட்டினவங்க. இருட்டோட எழுந்து பெரட்டுக்குப் போனவங்க. தோட்டத்தை வித்து தாமான் கட்டின காலத்துல வெளியே வந்தாங்க. கையில கிடைச்ச சொற்ப நஷ்டஈட்டை முன்பணமா வச்சு 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவு விலை வீடு. அப்போ மலிவு வீட்டுக்கு அரசாங்கம் வச்ச விலை அதுதான், வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாத்தா செக்யூரிட்டி வேலை, பாட்டி ஃபேக்டரி கேன்டீன்ல பாத்திரம் கழுவுற வேலை. இருபது வருஷத்துக்கு மேல மாசா மாசம் கட்டினாங்க. கிராண்ட் கைக்கு வந்த அன்னைக்கு இதே ஆலயத்தில் அம்மன் காலடியில் வச்சு எடுத்துட்டுப் போனாங்க. தாத்தா போன பிறகு பிள்ளைங்க விட்டுக்கொடுத்து வீடு முழுசும் பாட்டி பேருக்கு வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன மகன் பேருக்குப் போயிடுச்சு.

யாரும் மிரட்டல. யாரும் ஏமாத்தவும் இல்ல. "அம்மா, இப்பவே மாத்திட்டா செலவு மிச்சம், பின்னாடி அலைச்சல் இல்ல"ன்னு மகன் சொன்னார். "நான் எங்க போகப் போறேன், அவன்தானே என்னைப் பாக்கப் போறான்"னு பாட்டி கட்டைவிரல் வச்சாங்க. முடிஞ்சது.

யாருன்னு தேடாதீங்க. விவரத்தைக் கொஞ்சம் மாத்தித்தான் எழுதியிருக்கோம். நம்ம ஆலயத்துக்கு வர்ற பெரியவங்கள்லயே இதே மாதிரி இன்னும் நாலு பேர் இருக்காங்க.

இனிமேதான் நாங்க சொல்ல வெட்கப்படுற விஷயம். அந்த மகன் நம்ம ஆலயத்துக்கு உபயகாரர். போன திருவிழாவுல மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு பொன்னாடை போர்த்தினோம். அந்தப் பொன்னாடையைக் கடையில போய் வாங்கிட்டு வந்ததே எங்க ஆளுங்கதான். "தாய் தந்தையரின் ஆசியோடு"ன்னு மைக்ல அறிவிச்சாங்க. அந்தத் தாய் அப்போ கீழே அன்னதான வரிசையில தட்டோட நின்னுக்கிட்டிருந்தாங்க. நாங்கதான் சாதம் போட்டோம். மேடையையும் வரிசையையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கே அன்னைக்குத் தோணல.

அதனால இந்தப் பதிவு மத்தவங்களைத் திட்டுறதுக்கு மட்டும் எழுதினது இல்ல.

நாங்க சட்டம் படிச்சவங்க கிடையாது. எஸ்பிஎம் முடிச்சு ஃபேக்டரிக்குப் போனவங்க. ஆனா அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஆலயத்துக்கு வர்ற ஒரு வக்கீல் தம்பியை உட்கார வச்சு ரெண்டு ராத்திரி கேள்வி கேட்டோம். கேட்டதுல எங்களுக்குப் புரிஞ்சதை எழுதுறோம்.

"அன்பின் நிமித்தம்"னு சொல்லி அப்பா அம்மா பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கறதுக்கு ஸ்டாம்ப் டியூட்டி சலுகை இருக்கு. 2023 ஏப்ரல் 1லேர்ந்து வீட்டு மதிப்புல முதல் 1 மில்லியன் வெள்ளிக்கு டியூட்டியே கிடையாது, அதுக்கு மேல உள்ளதுக்குப் பாதி. வாங்குறவர் மலேசியக் குடிமகனா இருக்கணும். இது நல்ல சலுகைதான், குறை சொல்லல. ஆனா இந்த ஒரு சேதி வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சதுலேர்ந்து, "சீக்கிரம் மாத்துங்க, சும்மா கிடைக்குது"ன்னு ஆளாளுக்கு வயசானவங்களைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க. மெகா சேல் மாதிரி.

14ஏ பாரத்துல கையெழுத்து விழுந்து, நிலத்துறை அலுவலகத்துல பதிவாகி, கிராண்ட்ல மகன் பேர் ஏறிடுச்சுன்னா அந்த வீடு மகனுடையது. பாதி அம்மாவுடையது, அம்மா உயிரோட இருக்குற வரைக்கும் அம்மாவுடையது, அப்படியெல்லாம் கிடையாது. "நீ என்னைப் பாத்துக்கணும்"னு சமையலறையில பேசின பேச்சு கிராண்ட்ல ஏறாது. ஏமாத்து, மிரட்டல்னு நிரூபிச்சா கோர்ட்டுல வழி இருக்கு. எண்பது வயசுப் பாட்டி எந்தக் காசுல, எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடப்பாங்க? சொந்த மகன் மேல கேஸ் போடுன்னு சொன்னா எந்தத் தாய் போடுவா? அன்னைக்கு ராத்திரியும் அந்தப் பாட்டி எங்ககிட்ட கடைசியா சொன்னது, "அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்கய்யா"தான்.

சிங்கப்பூர்ல 1995லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க. பிள்ளை பார்க்கலைன்னா பெற்றவங்க மாசப் பணம் கேட்டுப் போகலாம். இந்தியாவுல 2007ல ஒரு சட்டம் வந்தது. பார்த்துக்கணும்கிற நிபந்தனையோட சொத்தை எழுதி வாங்கிட்டு அப்புறம் பார்க்கலைன்னா, அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு ஆக்கக் கேட்கலாம். இங்கே ரொம்ப நாளா பேச்சு நடக்குது. பேச்சை நம்பி கட்டைவிரல் வைக்க முடியாது.

இப்போ சில பேர் கொதிப்பீங்க. "எல்லா மகனும் அப்படியா? எங்க வீட்டுல அப்படி இல்ல." சரி. உங்க மகன் தங்கம். ஒத்துக்கிறோம். தங்கமான மகனுக்கே கேள்வி வைக்கிறோம்.

நீங்க வியாபாரத்துல நஷ்டமாகி பேங்க்ரப் ஆனா, உங்க பேர்ல இருக்குற அம்மா வீடு என்ன ஆகும்? உங்க சொத்தோட சேர்ந்து போகும். கடைக்கு முதல் வேணும்னு அந்த வீட்டை வச்சு பேங்க்ல கடன் எடுத்தீங்க, ஆறு மாசம் கட்ட முடியல. வீடு லெலோங்குக்குப் போகும். பேங்க்காரனுக்கு உள்ளே படுத்திருக்கிற கிழவி கணக்குல வராது. உங்களுக்கும் உங்க மனைவிக்கும் ஒத்து வராம கோர்ட்டுல பிரியுறீங்க, அம்மா வீடும் சொத்துப் பட்டியல்ல ஏறி வாதத்துக்கு வரும்.

இதை விட மோசம் ஒண்ணு இருக்கு. வாயால சொல்லக் கூடாதுதான். ஆனா நாங்க கோயில்ல பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தி போடுறவங்க, வயசுப்படிதான் எல்லாரும் போறாங்கன்னு எங்ககிட்ட யாரும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு முன்ன மகன் போயிட்டா? உயில் எழுதாம போயிட்டா 1958ஆம் வருஷத்துப் பகிர்வுச் சட்டம் கணக்குப் போடும். மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றவங்களுக்குக் கால். புரியுதா? பால் வெட்டிக் கட்டின சொந்த வீட்டுல அந்தத் தாய்க்குக் கால் பங்கு. சமையலறை அளவுக்கு. அந்த மகன் உயில்ல எல்லாத்தையும் மனைவிக்குன்னு எழுதி வச்சிருந்தா, அந்தக் காலும் கிடையாது. மகன் கெட்டவனா இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. நல்ல மகன், நல்ல மருமகள், ஒரு ஆக்சிடென்ட். அவ்வளவுதான்.

ஃபேக்டரியில நாங்க ஒரு மெஷினை அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒப்படைக்கும்போது, நம்ம ஷிஃப்ட் முடியுற வரைக்கும் சாவியைக் கொடுக்க மாட்டோம். லாக் புக்ல எழுதி வச்சிடுவோம்: என்ன நிலையில இருக்கு, யார் எடுத்துக்கணும், எதைக் கவனிக்கணும். மணி அடிச்சதும் அடுத்தவன் அதைப் படிச்சு எடுத்துக்குவான். பாதி ஷிஃப்ட்டுலயே சாவியைக் கொடுத்துட்டு நின்னா, மெஷின்ல கை மாட்டினா யார் பொறுப்பு? உயில்ங்கிறது அந்த லாக் புக் மாதிரிதான். சாவி கடைசி வரைக்கும் உங்க கையில இருக்கும். மாத்தணும்னா நாளைக்கே மாத்தி எழுதலாம்.

"உயில் எழுதினா எமனைக் கூப்பிடுற மாதிரி"ன்னு சொல்றவங்க நம்ம ஜனங்கள்ல நிறைய. ஆலயத்துலேயே ஒரு பெரியவர், நாங்க இந்தப் பேச்சை எடுத்ததும் காதைப் பொத்திக்கிட்டு "சிவ சிவா"ன்னு எழுந்து போனார். இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா ஐயான்னு கேட்டோம், எடுத்திருக்கார். மரணச் சகாய நிதியில பேர் இருக்கான்னு கேட்டோம், இருக்கு, மாசா மாசம் கட்டுறார். அப்போ எமன் வரலையா? நம்ம ஆலயத்துல வருஷா வருஷம் பாரதம் படிக்கிறோம், தீமிதி நடத்துறோம். பாரதமே பங்காளிச் சொத்துத் தகராறுதானே. பதினெட்டு நாள் சண்டையை பக்தியோட கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் நம்ம கிராண்ட் எங்க இருக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லாம படுத்துக்கிறோம்.

உயில் பெரிய விஷயமே இல்ல. மேற்கு மலேசியாவுல 18 வயசு ஆகியிருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும். எழுத்துல இருக்கணும். கடைசியில கையெழுத்தோ கைநாட்டோ வைக்கணும். ரெண்டு சாட்சி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பக்கத்துல இருந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஒரு சாட்சி இன்னைக்கு, ஒரு சாட்சி நாளைக்குன்னா செல்லாது. சொத்து வாங்குறவங்க சாட்சி போடக் கூடாது, அவங்க கணவன் மனைவியும் போடக் கூடாது. போட்டா உயில் நிக்கும், ஆனா அவங்களுக்கு எழுதினது அவங்களுக்குக் கிடைக்காது. நம்ம ஆளுங்க இங்கதான் விழுவாங்க. "மாப்பிள்ளை இருக்காரே, சாட்சி போடுங்க மாப்பிள்ளை"ன்னு கூப்பிட்டு, மகளுக்கு எழுதின வீட்டை மகளுக்கு இல்லாம ஆக்கிடுவாங்க. நிறைவேத்துறதுக்கு நம்பிக்கையான ஒருத்தர் பேரைப் போடணும். பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. கல்யாணத்துக்கு முன்ன எழுதின உயில் கல்யாணம் ஆனதும் பொதுவா செல்லாம போயிடும், அதனால அப்புறம் புதுசா எழுதணும்.

மலாய் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு: எழுதினதைத் தமிழ்ல வாசிச்சு விளக்கினாங்க, புரிஞ்சுதான் கைநாட்டு வச்சேன்னு ஒரு வரி உயில்லேயே போடச் சொல்லுங்க. உயிலுக்கு மட்டும் இல்ல, யார் எந்தப் பாரத்தை நீட்டினாலும் "இது என்ன பாரம், தமிழ்ல சொல்லு"ன்னு கேளுங்க. எழுதப் படிக்கத் தெரியாதது உங்க குத்தம் இல்ல. கேட்காம இருக்கிறதுதான் ஆபத்து.

எழுதின உயிலை எங்க வைக்கிறதுன்னும் யோசிங்க. உங்க பேர்ல மட்டும் இருக்குற பேங்க் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுப் போனீங்கன்னா, அந்தப் பெட்டியைத் திறக்கறதுக்கே பிள்ளைங்க அலையணும். சாமி மாடத்துக்குக் கீழே வைங்க. ஆனா யார்கிட்டயாவது சொல்லி வைங்க.

செலவே இல்லன்னு பொய் சொல்ல மாட்டோம். உயில் இருந்தாலும் ஆள் போன பிறகு ஹைகோர்ட்டுல புரோபேட் எடுக்கணும், வக்கீல் செலவு இருக்கு. "அதுக்குத்தான் இப்பவே மாத்துறோம்"னு மகன்மாருங்க சொல்வாங்க. ஆனா மரண வரின்னு ஒண்ணு இந்த நாட்டுல 1991லேயே எடுத்தாச்சு. உயில்படி வாரிசு பேருக்கு மாத்துறதுக்கு ஸ்டாம்ப் டியூட்டியும் பேருக்குத்தான். மிச்சம் இருக்கிறது வக்கீல் செலவும் அலைச்சலும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க அம்மாவோட சாவியை வாங்குறீங்க. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு நம்ம ஆளுங்க எவ்வளவு செலவு பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியும், கேட்டரிங் பில்லை நாங்கதான் பார்க்கிறோம்.

உயிலும் இல்லாம, மாத்தாமலும் விட்டா என்ன ஆகும்? அதையும் சொல்லணும், இல்லன்னா ஒரு பக்கம் பேசினதா ஆயிடும். வீடு பெரியவர் பேர்லயே கிடக்கும். உயில் இல்லாத சின்னச் சொத்துன்னா நிலத்துறை அலுவலகத்துலேயே மனு போடலாம். முன்ன 2 மில்லியன் வெள்ளி வரைக்கும்னு இருந்தது, 2024லேர்ந்து 5 மில்லியனா ஏத்தியிருக்காங்க, அதனால நம்ம தாமான் வீடு எல்லாமே அதுல அடங்கும். பிச்சாராவுக்கு வாரிசுங்களைக் கூப்பிடுவாங்க. வர முடியாதவங்க சம்மதத்தை எழுத்துல அனுப்பணும். இந்தப் பெரியவர் பேர்லயும் மாத்தாம, அவர் மகன் காலத்துலயும் மாத்தாம, பேரன் காலத்துல போனா, இறந்தவங்க பங்கு அவங்க வாரிசுங்களுக்குப் போய், ஒரு சின்ன வீட்டுக்குப் பதினேழு பேர் கையெழுத்து. ஒருத்தர் ஜொகூர்ல, ஒருத்தர் ஆஸ்திரேலியாவுல, ஒருத்தர் எங்க இருக்கார்னே தெரியாது. எங்க தாமான்ல ஒரு வீடு இப்படித்தான் கூரை இறங்கிக் கிடக்கு. உள்ளே முருங்கை மரம் முளைச்சிருக்கு. காய் நல்லா காய்க்குது, அது வேற விஷயம்.

இன்னொண்ணு பேசியே ஆகணும். "கொள்ளி வைக்கிறவனுக்குத்தான் வீடு. பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே." இதை நம்ம ஆலயத் திண்ணையில உட்கார்ந்து சொல்லாத பெரியவரே இல்ல. சட்டத்துல மகனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு அரைப் பங்குன்னு நம்ம மக்களுக்கு எழுதி வைக்கல. பிள்ளைன்னா பிள்ளை, சம பங்கு. அந்தப் பாட்டிக்கு ஒரு மகளும் இருக்காங்க. ஃப்ளாட்ல வாடகைக்கு இருக்காங்க, ஷிஃப்ட் வேலை. பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறதும், கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறதும் அவங்கதான். அந்தப் பாரம் கைநாட்டாகும்போது அந்த மகளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லணும்னு பாட்டிக்கும் தோணல, அதையும் ஒளிக்காம எழுதுறோம். நம்ம அம்மாக்களும் இதுல கூட்டுக் களவாணிதான்.

வீட்டுக்கு எழுதுற உயில்ல ஊழியர் சேமநிதிப் பணத்தை எழுதி வச்சா போதும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. போதாது. சேமநிதி பெனாமாவைப் பார்த்துத்தான் கொடுக்கும். முஸ்லிம் அல்லாதவங்களுக்கு, பெனாமாவுல யார் பேர் இருக்கோ அந்தப் பணம் அவங்களுக்கு. எங்க லைன்ல வேலை செஞ்ச ஒருத்தர், நாற்பத்தாறு வயசு, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு போய்ப் படுத்தவர் எழுந்திரிக்கல. பத்தொன்பது வயசுல வேலைக்குச் சேர்ந்தப்ப அம்மா பேரைப் பெனாமாவா போட்டிருக்கார். அம்மா இறந்து பல வருஷம் ஆச்சு. பெனாமா முன்னாடியே இறந்துட்டா அந்தப் பெனாமா காலி. மனைவி ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒவ்வொரு கவுன்டரா ஏறி இறங்கினாங்க. ஃபேக்டரியில நாங்க வசூல் பண்ணிக் கொடுத்த காசுலதான் அந்தத் தீபாவளி போச்சு. ஒரு நாள் லீவு போட்டு, ஐசியைக் காட்டி, பேரை மாத்தியிருந்தா தீர்ந்தது. இதைப் படிக்கிற ஃபேக்டரித் தோழர்களே, உங்க பெனாமா யாருன்னு உங்களுக்கு இப்ப ஞாபகம் இருக்கா?

தாலி விஷயத்தையும் ஒரு பிடி சொல்லிட்டுப் போறோம். 1982 மார்ச் 1லேர்ந்து நம்ம கல்யாணமும் பதிவு பண்ணித்தான் ஆகணும். ஆலயத்துல தாலி கட்டிட்டு ஜேபிஎன் பக்கமே போகாத ஜோடிங்க இன்னும் இருக்காங்க. புருஷன் போன அன்னைக்கு அந்தப் பெண் ஊருக்கு விதவை, சட்டத்துக்கு யாரோ. அவங்களுக்குச் சட்டப்படி பங்கு இல்ல. பதிவுத் தாளைப் பார்க்காம மண்டபத்தை வாடகைக்கு விட்டதுல நம்ம ஆலயங்களுக்கும் பங்கு இருக்கு. எடுத்து வளர்த்த பிள்ளையும் அப்படித்தான். கோர்ட்டு மூலமா தத்தெடுக்கலைன்னா, உயில்ல பேர் எழுதாம போனா அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல.

தள்ளிப் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. மறதி நோய் வந்த பிறகு உயில் எழுத உட்கார்ந்தா, அது பிற்பாடு சண்டைக்குத்தான் வழி. சில பேர் "அம்மாகிட்ட பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி வச்சிருக்கேன், பிரச்சனை இல்ல"ன்னு தைரியமா இருக்காங்க. அம்மாவுக்குப் புத்தி தெளிவு போனா அந்தப் பவரும் போச்சு. சிங்கப்பூர்ல அதுக்குன்னு தனியா ஒரு பத்திரம் இருக்கு, புத்தி போன பிறகும் நிக்கும், முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இங்கே ஹைகோர்ட்டுக்குப் போய் மனு போட்டுத்தான் அம்மா பணத்தை அம்மா டயாப்பருக்கே எடுக்க முடியும். அதனால அம்மாவுக்கு நேத்து சாப்பிட்டது ஞாபகம் இருக்குற இந்த வருஷமே உட்காருங்க.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டவங்க என்ன பண்றதுன்னு கேட்பீங்க. மனசு உடையாதீங்க. வக்கீல்கிட்ட கிராண்ட் நகலைக் காட்டுங்க. வசதி இல்லாதவங்களுக்கு அரசாங்கத்தோட சட்ட உதவித் துறை இருக்கு, வருமானத்தைப் பார்த்து உதவி பண்ணுவாங்க. மகன்மாருங்களுக்கு இன்னொரு சேதி. அந்த ஸ்டாம்ப் டியூட்டி சலுகை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில ரெண்டு பக்கமும் செல்லும். அம்மாகிட்டேர்ந்து உங்களுக்கு மாத்தின மாதிரியே, உங்ககிட்டேர்ந்து அம்மாவுக்கும் திருப்பி மாத்தலாம். "அம்மாவை நான்தான் பார்க்கிறேன், யார் பேர்ல இருந்தா என்ன"ன்னு சொல்றீங்களே, அதே வார்த்தைதான். யார் பேர்ல இருந்தா என்ன? அம்மா பேர்ல இருக்கட்டுமே.

ஆலய நிர்வாகத்துக்கு நாங்க எழுத்துல கொடுத்திருக்கிற கோரிக்கையை இங்கேயும் போடுறோம், அப்புறம் கேட்கவே இல்லன்னு யாரும் சொல்லக் கூடாது. மண்டபத்துல கல்யாணம்னா பதிவுத் தாள் நகல் இல்லாம தேதி கொடுக்கக் கூடாது. மேடையில பொன்னாடை போர்த்துறதுக்கு முன்ன, அவர் அப்பா அம்மா எங்க உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு தடவை கூட்டத்தைப் பார்க்கணும். அவங்களை முதல் வரிசையில உட்கார வச்ச பிறகு மைக்கை எடுக்கணும். இதுக்கு நிர்வாகத்துல ஒருத்தர் சொன்ன பதில்: "உபயகாரங்க கோவிச்சுக்குவாங்க." கோவிச்சுக்கட்டும். அண்டா கழுவ நாங்க இருக்கோம். அந்த உபயம் இல்லாம அம்மனுக்குப் பூஜை நிக்காது.

பாட்டி விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மகனை நேர்ல பார்த்தோம். கத்தல, சண்டை போடல. டீ குடிச்சிட்டே பேசினோம். "அம்மா சாவியைத் தொலைச்சிடுறாங்க, அதான் கொடுக்கல"ன்னார். ஒரு கயிறுல கோத்துக் கழுத்துல போட்டு விடுங்கன்னோம். மூணு நாள் கழிச்சு சாவி வந்துடுச்சு. கிராண்ட் பத்தி இன்னும் பதில் இல்ல. கேட்டுக்கிட்டே இருப்போம். இந்தப் பதிவை அவரும் படிப்பார்னு தெரியும்.

அடுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சு அன்னதானக் கூடத்துல ஒரு மேசை போடுறோம். அந்த வக்கீல் தம்பி பன்னிரண்டு மணி வரைக்கும் இருப்பார், காசு வாங்க மாட்டார். தமிழ்லேயே பேசலாம். பெரியவங்களைக் கூட்டிட்டு வர்ற பிள்ளைங்க கொஞ்சம் தள்ளி உட்காரணும், அம்மா தனியா பேசணும்னா பேசட்டும். மகள்களையும் கூட்டிட்டு வாங்க. ஐசி நகல், வீட்டு வரி பில், கிராண்ட் நகல் கொண்டு வந்தா போதும். ஒரிஜினல் கிராண்டை யாரும் கொண்டு வர வேண்டாம். எங்ககிட்டயும் கொடுக்காதீங்க.